விலங்கின் குரலும் மனிதரின் மொழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு பினாங்குத் தாவரவியல் பூங்காவில் நடப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். மரங்களைப் பற்றிக் கேட்பவர் குறைவு. குரங்கு ஒன்று கத்திவிட்டால் போதும், "அது என்ன சொல்கிறது?" என்று தொடங்கும் கேள்விகள் பசியாறும் வரை ஓயமாட்டா. வீடு திரும்பியதும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அதே ஐயங்கள் மீண்டும் வரிசை கட்டும். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து களைத்துப்போனதால் இங்கே தொகுத்து வைக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

காக்கை கரையுது, நாய் குரைக்குது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத்தானே? அதை ஏன் மொழி இல்லை என்கிறீர்கள்?

அவை ஒன்றுக்கொன்று செய்தி தெரிவிக்கின்றன என்பதில் ஐயமில்லை. குரல் இல்லாமலும் தெரிவிக்கலாம்: எறும்பு மணத்தால் வழி காட்டுகிறது, கோலசிலாங்கூர் ஆற்றங்கரை மின்மினிகள் ஒளியை விட்டுவிட்டுக் காட்டி இணையை அழைக்கின்றன. இவை அனைத்துக்கும் பொதுப்பெயர் தகவல் தொடர்பு. மொழி அதில் ஒரு வகை. நாமும் மொழியல்லாத வழிகளில் தகவல் தருகிறோம். வீட்டுக்குள் நுழையும் முன் தாத்தா தொண்டையைச் செருமினால் எல்லாருக்கும் செய்தி போய்விடுகிறது. ஆனால் அந்தச் செருமல் ஒரு வாக்கியம் ஆகாது.

தமிழ் மரபு இந்த வேறுபாட்டைச் சொற்களிலேயே காத்துவந்திருக்கிறது. காக்கை கரையும், குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும். "பேசும்" என்னும் வினையைப் பெரும்பாலும் மனிதருக்கென்று ஒதுக்கிவிட்டுக் கிளிக்கு மட்டும் சலுகை கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சலுகை சரியா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

தண்ணீர்மலைக் கோயில் படியில் ஒரு குரங்கு என்னைப் பார்த்துச் சிரித்தது. அது எதையோ சொன்னதாகத்தானே பொருள்?

சொன்னது உண்மை, சிரித்தது உண்மையன்று. நம் நீண்டவால் குரங்கு குரலெழுப்பாமல் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் அது அச்சத்தின், பணிவின் அடையாளம். வாயை வட்டமாகத் திறந்து, புருவத்தை உயர்த்தி, கண்ணிமைக்காமல் பார்த்தால் மிரட்டுகிறது என்று கொள்ள வேண்டும். ஒரு தாய் "பார், சிரிக்குது!" என்று மகனை முன்னே தள்ளியதையும், அடுத்த நொடியில் அவன் கையிலிருந்த வாழைப்பழம் மரத்தின் மேல் போனதையும் நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் குரங்கின் முகம் தெரிவிக்கும் செய்தி இந்த இடத்தை, இந்த நொடியை, எதிரே நிற்கும் உங்களைத் தாண்டிப் போவதில்லை. இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "சென்ற தைப்பூசத்தன்று என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கு இன்றைக்கு வரவில்லை." கண்முன் இல்லாத ஒரு குரங்கு, முடிந்துபோன ஒரு நாள், கைவிட்டுப்போன ஒரு செருப்பு, நடக்காத ஒரு வருகை ஆகிய அனைத்தும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. கேட்பவர் தண்ணீர்மலைக்கு வந்தே இராதவராக இருந்தாலும் இது அவருக்கு விளங்கும்.

சரி, வேறுபாடு என்ன என்று ஒரே வரியில் சொல்லுங்களேன்.

ஒரே வரியில் சொல்லுபவர்களை நம்பாதீர்கள் என்பதுதான் என் ஒரே வரி. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஹாக்கெட் 1960இல் மொழிக்கு 13 பண்புகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் பல ஏதாவது ஒரு விலங்கிடம் தனித்தனியாகக் காணப்படுகின்றன. அவை அனைத்தும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது மனித மொழியில்தான். என் நோக்கில் அவற்றுள் மூன்று முக்கியமானவை. முதலாவது, மேலே கண்ட "இங்கில்லாததைச் சொல்லுதல்".

இரண்டாவதைத் தமிழ் மாணவருக்கு விளக்குவது எளிது. நமக்கு முதலெழுத்து உயிர் 12, மெய் 18, ஆக 30. "ம்" என்னும் ஒலிக்கோ "ல்" என்னும் ஒலிக்கோ தனியே பொருள் கிடையாது. பொருளற்ற இந்தச் சில்லுகளை அடுக்கித்தான் மலை, மாலை, மழை என்று பொருளுள்ள சொற்களைக் கட்டுகிறோம். (ல, ள, ழ வேறுபாட்டை நம் பிள்ளைகள் காற்றில் விடுவது தனிக்கதை.) பிறகு அந்தச் சொற்களை அடுக்கி, இதுவரை யாரும் சொல்லாத வாக்கியங்களைக் கட்டுகிறோம். இவ்வாறு அடுக்கின் மேல் அடுக்காகக் கட்டுவதால், முப்பது ஒலிகளை வைத்துக்கொண்டே எல்லையின்றிப் பேச முடிகிறது.

மூன்றாவது, நன்னூல் படித்தவர்களுக்குத் தெரிந்த இடுகுறி. "மரம்" என்னும் ஒலியில் மரத்தின் சாயல் ஏதுமில்லை; மலாயில் அது "போக்கோக்". ஊர் ஒப்புக்கொண்டதால் அந்தப் பெயர் நிற்கிறது. "கா கா" என்று கரைவதால் காக்கை எனப்பட்டது போன்ற காரணப்பெயர்கள் எந்த மொழியிலும் சிறுபான்மைதான்.

எங்கள் பாட்டி பல்லி சொல்லுது என்பார். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பார். அதுவும் விலங்கு மொழிதானா?

பல்லி தன் இடத்தைக் காக்கவும் இணையை அழைக்கவும் ஒலியெழுப்புகிறது. அந்தச் செய்தி இன்னொரு பல்லிக்கு உரியது. அதில் நமக்குப் பலன் காண்பது நம் பண்பாடு; பாட்டியிடம் வாதாட வேண்டிய செய்தியன்று.

கிளி தெளிவாகத் தமிழ் பேசுகிறதே, ஐயா. அப்புறம் என்ன?

"சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை" என்ற வழக்கிலேயே பாதி விடை இருக்கிறது. "வாங்க, வாங்க" என்று வரவேற்கும் கிளி, கடன்காரர் வந்தாலும் அதையேதான் சொல்லும். ஒலியைப் படியெடுக்கும் திறமை வேறு, அந்த ஒலியைப் பொருளோடு பொருத்துவது வேறு.

மீதிப் பாதியை அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி காட்டியது. ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் ஒரு கடையில் வாங்கிய அந்தக் கிளி, 2007இல் இறப்பதற்குள் ஏறத்தாழ 100 சொற்களைக் கற்றிருந்தது. தட்டில் பொருள்களைப் பரப்பி, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் "நிறம்" என்றோ "வடிவம்" என்றோ விடையளிக்கும். ஆறு வரை எண்ணும். ஆகவே கிளிக்கு ஒன்றுமே புரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சொற்களைக் கோத்துப் புதுச்செய்தி கட்டுவதில் அலெக்ஸ் மூன்று வயதுக் குழந்தையை நெருங்கவில்லை. காட்டில் வாழும் அதன் இனத்தார் இத்தகைய சொற்களை உருவாக்கிக்கொள்வதும் இல்லை.

தேனீ ஆடிக்காட்டி, பூ எங்கே இருக்கிறது என்று சொல்லுமாமே. அது இங்கில்லாததைப் பற்றிய பேச்சுதானே?

ஆம். இது நல்ல கேள்வி. என் பட்டியலின் முதல் பண்பையே அசைக்கிறது. ஆஸ்திரியரான கார்ல் வான் ஃபிரிஷ் இதைக் கண்டறிந்தார்; 1973இல் இருவரோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். உணவைக் கண்டு திரும்பிய தேனீ, இருண்ட கூட்டுக்குள் செங்குத்தாகத் தொங்கும் அடையின் மேல் வயிற்றை ஆட்டியபடி நேர்கோட்டில் ஓடும். மேல்நோக்கிய திசை சூரியனைக் குறிக்கும். செங்குத்துக் கோட்டுக்கு வலப்புறம் 40 பாகை சாய்ந்து ஓடினால், சூரியனுக்கு வலப்புறம் 40 பாகையில் பறக்க வேண்டும் என்று பொருள். ஆட்டம் நீண்டால் தொலைவு அதிகம். ஏறத்தாழ ஒரு வினாடி ஆட்டம் ஒரு கிலோமீட்டர். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மூத்த தேனீக்களின் ஆட்டத்தைப் பார்க்க வாய்ப்பில்லாமல் வளர்ந்த தேனீக்கள் தவறாக ஆடின, அவற்றின் தொலைவுக் கணக்கு கடைசிவரை திருந்தவில்லை. ஆகவே அதில் கற்றலும் உண்டு.

இவ்வளவு நுட்பமான முறைக்கும் ஒரு வேலி இருக்கிறது. ஃபிரிஷ் ஒரு வானொலிக் கோபுரத்தின் அடியில் கூட்டை வைத்து, கோபுரத்தின் உச்சியில் உணவை வைத்தார். உணவைக் கண்ட தேனீக்கள் இறங்கி வந்து ஆடின. கேட்டவை வெளியே வந்து நாலாபுறமும் தேடின. ஒன்றும் மேலே பார்க்கவில்லை. தேனீயின் ஆட்டத்தில் "மேலே" என்பதற்கு இடமில்லை, அதை அன்று புதிதாகச் சேர்த்துக்கொள்ளவும் அவற்றால் முடியவில்லை. நமக்கு ஒரு சொல் இல்லாவிட்டால் மதியத்துக்குள் செய்துவிடுவோம். "புலனம்" என்ற சொல்லே சான்று.

இங்கிருந்து நீரிணைக்கு அப்பால் சுமத்ராவிலும் ஒரு சான்று உண்டு. 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒருவர் புலிக்கோடு போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, மரத்திலிருந்த ஒராங் ஊத்தான் தாய்களுக்குக் கீழே நான்கு காலில் ஊர்ந்து போனார். தாய்கள் உடனே கத்தவில்லை. "புலி" மறைந்து சில நிமிடங்கள் கழித்தே எச்சரிக்கைக் குரல் கொடுத்தன. கடந்துபோனதைப் பற்றிய குரல் என்று அதைக் கொள்ள இடமிருக்கிறது. ஆனால் நேற்றுப் போன புலிக்கும் இன்று போன புலிக்கும் வேறுபாடு காட்ட அந்தக் குரலில் வழியில்லை.

பாம்புக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல் என்று குரங்குகள் வைத்திருக்கின்றனவாம். அவை சொற்கள்தானே?

கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகளைச் சொல்கிறீர்கள். சேஃபார்த், செனி, மார்லர் மூவரும் அவற்றின் குரல்களைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் திரும்பப் போட்டுக்காட்டி 1980இல் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுத்தைக் குரல் கேட்டவை மரத்தில் ஏறின. கழுகுக் குரல் கேட்டவை வானத்தைப் பார்த்தன. பாம்புக் குரல் கேட்டவை பின்னங்காலில் நின்று புல்லைத் துழாவின. குட்டிகள் உதிரும் இலைக்கும் கழுகுக் குரல் கொடுத்துவிட்டு, வளர வளரத் திருத்திக்கொள்கின்றன.

சொல்லுக்கு மிக அருகில் வருபவை இவை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "பாம்பு" என்ற நம் சொல்லை எடுத்துக்கொண்டு பாம்பு இல்லை, பாம்பா, பாம்பாட்டி, பாம்பென்று பயந்தேன் என்று எத்தனையோ செய்யலாம். வெர்வெட் குரங்கின் பாம்புக் குரல் "பாம்பு! எழுந்து பார்!" என்ற முழுச்செய்தியாகவே வெளிவருகிறது. அதிலிருந்து "பாம்பு" என்ற பகுதியைப் பிரித்தெடுத்து வேறோரிடத்தில் பொருத்த அதனால் முடியாது.

அப்படியென்றால் குரல்களைச் சேர்த்துச் சொல்லும் விலங்கே கிடையாதா?

உண்டு. ஜப்பானியச் சிட்டு என்னும் சிறு பறவையிடம் "சுற்றுமுற்றும் பார்" என்பதற்கு ஒரு குரலும் "அருகே வா" என்பதற்கு ஒரு குரலும் இருக்கின்றன. இரண்டையும் அந்த வரிசையில் சேர்த்து ஒலித்தால் மற்றப் பறவைகள் சுற்றிப் பார்த்துக்கொண்டே அருகில் வருகின்றன. வரிசையைத் தலைகீழாக்கினால் அவ்வாறு செய்வதில்லை. தோஷிடாகா சுசூகியும் அவருடைய குழுவினரும் 2016இல் இதைக் காட்டினார்கள். நம் காடுகளிலும் உள்ள வெள்ளைக்கைக் கிப்பன் குரங்கை வைத்துத் தாய்லாந்தில் ஆய்ந்தபோது, அது அன்றாடப் பாட்டில் வரும் அதே ஒலிகளை வேறு வகையில் கோத்துக் கொன்றுண்ணிகளைக் கண்ட பாட்டாக்குவது தெரியவந்தது.

இவற்றை இலக்கணத்தின் முளை எனலாம். மரம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். சிட்டு இரண்டைச் சேர்க்கிறது. நாமோ ஒரு வாக்கியத்தை இன்னொன்றின் வயிற்றுக்குள் வைக்கிறோம். "அக்கா வரமாட்டாள் என்று அம்மா சொன்னதாகத் தம்பி சொன்னான் என்று கேள்விப்பட்டேன்" என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. "என்று" என்ற ஒரு சிறு சொல் எத்தனை வாயைத் திறந்துவிடுகிறது பாருங்கள்.

காக்கைக் கூட்டில் வளரும் குயில் குயிலாகவே கூவுகிறது. மொழியும் அப்படி இரத்தத்தில் வருவதுதானே?

இந்த ஒப்பீட்டை நானே எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு, ஆனால் எதிர்ப்பக்கத்துக்கு. நம் ஊரில் குயில் பெரும்பாலும் வீட்டுக்காக்கையின் கூட்டில் முட்டையிடுகிறது. (அந்தக் காக்கையே 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது, காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னும் என்று நம்பினார்கள்.) நாள் முழுதும் கரைதலையே கேட்டு, காக்கை ஊட்டிய இரையையே தின்று வளர்ந்தும், பெரிதானதும் அது கூவுகிறது. அதன் குரல் பிறவியிலேயே உள்ளது. வளர்ப்புத் தாயிடமிருந்து ஒன்றும் ஒட்டுவதில்லை.

இப்போது மலேசியாவில் மூத்தவர்கள் எல்லாரும் அறிந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பல தமிழ்க் குடும்பங்கள் சீனப் பெண்குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தன. அவர்களில் ஒருவர் பேசுவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால், தோட்டத்துத் தமிழச்சி என்றே நினைப்பீர்கள். பெற்றோரின் ஹொக்கியனோ கண்டனீசோ இரத்தத்தில் வரவில்லை. மொழியைக் கற்கும் ஆற்றல் பிறப்போடு வருகிறது. எந்த மொழி என்பதை வீடு தீர்மானிக்கிறது. எல்லாப் பறவைகளும் குயிலைப் போன்றவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பாடும் பறவைகள் பல, குஞ்சுப் பருவத்தில் மூத்தவற்றின் பாட்டைக் கேட்டுக் கற்கின்றன. அவற்றுக்கு வட்டார வழக்கும் உண்டு.

குரங்கால் பேச முடியாததற்குத் தொண்டை அமைப்புதானே காரணம்?

நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். ஹேஸ் தம்பதியர் விக்கி என்னும் சிம்பன்சியை வீட்டில் பிள்ளை போல வளர்த்துப் பழக்கியும் நான்கு ஆங்கிலச் சொற்களைத்தான் அது தட்டுத்தடுமாறிச் சொன்னது. ஆனால் 2016இல் டெகம்சே ஃபிட்ச் குழுவினர் மக்காக் குரங்கின் வாயும் தொண்டையும் அசைவதை எக்ஸ்ரே படமாக எடுத்துக் கணக்கிட்டபோது, புரியக்கூடிய பேச்சுக்குப் போதுமான உயிரொலிகளை அதனால் எழுப்ப முடியும் என்று தெரிந்தது. தடை தொண்டையில் இல்லை. தொண்டையை ஆளும் மூளையில் இருக்கிறது.

வாய் வேண்டாம், கையால் பேசக் கற்றுக்கொண்ட சிம்பன்சிகள் உண்டே?

1966இல் கார்டனர் தம்பதியர் வாஷோ என்னும் சிம்பன்சிக்கு அமெரிக்கச் சைகை மொழியைக் கற்பிக்கத் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகளில் அது 130 சைகைகள் வரை கற்றது. அடுத்து ஹெர்பர்ட் டெரஸ், மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியின் பெயரைக் கிண்டலாக மாற்றி நிம் சிம்ப்ஸ்கி என்று பெயரிட்ட சிம்பன்சியை வளர்த்தார். நிம் வாக்கியம் அமைக்கும் என்று நம்பித் தொடங்கியவர், ஒளிப்பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்து 1979இல் அதற்கு நேர்மாறான முடிவை வெளியிட்டார். பயிற்றுநர் சற்று முன் காட்டிய சைகைகளையே நிம் பெரும்பாலும் திரும்பக் காட்டியிருந்தது. அதன் மிக நீண்ட கூற்றில் 16 சைகைகள் இருந்தன: கொடு, ஆரஞ்சு, எனக்கு, தின், நீ ஆகியவற்றை மாற்றி மாற்றி அடுக்கியதுதான் அது. குழந்தையின் வாக்கியம் நீளும்போது செய்தியும் வளரும். நிம்மின் கூற்றில் பிடிவாதம்தான் வளர்ந்தது.

கான்சி என்னும் போனோபோவை (சிம்பன்சிக்கு நெருங்கிய உறவான குரங்கு) இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வளர்ப்புத் தாய்க்குக் குறியீட்டுப் பலகையில் பாடம் நடந்தபோது, ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்த அது தானாகக் கற்றுக்கொண்டது. முன்பு கேட்டிராத 660 ஆங்கிலக் கட்டளைகளைச் சொல்லிப் பார்த்தபோது 72 விழுக்காட்டை ஒட்டிச் சரியாகச் செய்தது. கோலாவை எலுமிச்சைச் சாற்றில் ஊற்றுவதற்கும் சாற்றைக் கோலாவில் ஊற்றுவதற்கும் அதற்கு வேறுபாடு தெரிந்தது. புரிந்துகொள்வதில் அது ஏறக்குறைய இரண்டு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தை அடுத்த ஆண்டே எங்கோ போய்விடும் என்பதுதான் வேறுபாடு.

யாருமே கற்றுக்கொடுக்காவிட்டால் மனிதப் பிள்ளைக்கும் மொழி வராதே?

தனியாக விடப்பட்ட குழந்தைக்கு வராது. ஆனால் பிள்ளைகள் கூட்டமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று நம் தீவிலேயே இருக்கிறது. 1954இல் பினாங்கில் காது கேளாதோருக்கான பள்ளி தொடங்கியது. அக்காலக் கல்விமுறை உதட்டசைவைப் படிக்கவும் வாயால் பேசவும் பழக்கியது. வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொள்ள, அதிலிருந்து பினாங்குச் சைகை மொழி வளர்ந்தது. இன்று நாடு முழுதும் வழங்கும் மலேசியச் சைகை மொழி வேறு. அதற்கு 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்பு அளித்திருக்கிறது. நிகராகுவாவில் 1970களின் இறுதியில் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்ட காது கேளாத பிள்ளைகளிடமும் இவ்வாறே ஒரு புதிய மொழி பிறந்தது. பின்னால் வந்த சிறுவர்கள் மூத்தவர்களைவிட அதன் இலக்கணத்தைச் செறிவாக்கினார்கள்.

மொழி என்றால் ஒலி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சைகை மொழி முழுமையான மொழி. வாஷோவுக்கு ஆண்டுக்கணக்கில் ஊட்டியும் வராததைப் பள்ளி விடுதியில் பிள்ளைகள் யாரும் கேட்காமலே செய்தார்கள்.

எங்கள் வீட்டு நாய்க்குத் தமிழ் நன்றாகப் புரியும். "வெளியே" என்றாலே வாலாட்டும்.

புரிகிறது என்பதை மறுக்கவில்லை. சேசர் என்னும் நாய் 1,022 விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்று, கேட்டதை எடுத்துவந்தது. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள்: முகத்தைத் திருப்பிக்கொண்டு, செருப்பைத் தொடாமல், இழவு வீட்டுக் குரலில் "வெளியே" என்று சொல்லுங்கள். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்பதை ஆஸ்கர் ஃபங்ஸ்ட் 1907இல் காட்டினார். அது கேட்பவருடைய தலையசைவைப் படித்துக்கொண்டிருந்தது. கணக்கைவிட அதுதான் எனக்கு வியப்பு.

விலங்குகள் பொய் சொல்லுமா?

ஏமாற்றும். கலகாரிப் பாலைவனத்தில் வாழும் கரிச்சான் இனப் பறவை ஒன்று, மற்ற விலங்குகள் இரை பிடித்திருக்கும்போது பொய்யாக எச்சரிக்கைக் குரல் கொடுக்கும்; அவை ஓடியதும் இரையை எடுத்துக்கொள்ளும். ஒரே குரலை அவை நம்பாமல் போனால், அந்தப் பறவை வேறொரு விலங்கின் எச்சரிக்கைக் குரலுக்கு மாறும். இருப்பினும் அந்தப் பொய் "ஆபத்து!" என்ற ஒன்றைத் தாண்டுவதில்லை. வராத விருந்தாளிக்காகக் காரணம் கட்டுவது நம்மால் மட்டுமே முடியும்.

பூனை கத்துவதை மொழிபெயர்க்கும் கைப்பேசிச் செயலி வந்திருக்கிறதே. நம்பலாமா?

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் "மியாவ்" என்று கத்துவது அரிது. அந்தக் குரல் பெரும்பாலும் மனிதருக்கென்றே வருவது. ஆகவே உங்கள் பூனையை உங்களைவிட நன்றாக எந்தச் செயலியும் படிக்காது. கருவிகளால் பயனே இல்லை என்பதன்று: டொமினிக்கா கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்களின் சொடுக்கொலிகளைக் கணினியால் ஆராய்ந்து, தாளத்தையும் வேகத்தையும் அவை பலவாறு இணைப்பதை 2024இல் வெளியிட்டார்கள். ஆனால் அந்த இணைப்புகளுக்கு என்ன பொருள் என்பது அடுத்த வேலை. வெர்வெட் குரங்குகளுக்குச் செய்ததைப் போல, ஒலியைப் போட்டுக்காட்டி, கேட்பது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

பள்ளியில் "விலங்குகளின் மொழி" என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தலைப்பே தவறா, ஐயா?

தலைப்பை மாற்றச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம். முதல் பத்தியில் "மொழி" என்று எதைச் சொல்கிறாய் என்பதை எழுதிவிட்டால் போதும். இணையத்தில் எல்லாரும் எடுக்கும் டால்பினைவிட உன் தெருவிலுள்ள குயிலும் காக்கையும் நல்ல எடுத்துக்காட்டு. குரங்குகளைப் பார்த்தே எழுத விரும்பினால் வரும் ஞாயிறு காலை ஏழரை மணிக்குப் பூங்கா வாயிலுக்கு வரலாம்; அவை கீழே இறங்கும் நேரம் அது. வாழைப்பழம் மட்டும் கொண்டுவர வேண்டாம்.